எழுதாமல் விட்ட வரி

கட்டுகஸ்தோட்டை,
14.12.2008

என் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய யோகேந்திரன் அவர்கட்கு,

மங்களேஸ்வரி எழுதிக்கொள்வது. நான் சுகம். தாங்களும் அங்கே சுகமாயிருக்க வேண்டுமென்று நாள் தவறாமல் பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இக்கடிதத்தைச் சட்டத்தரணி ஹலீம் அவர்கள் தம் கையாலேயே தடுப்பு முகாமுக்குக் கொண்டுவருகிறார். இடையில் வேறெவரேனும் வாசிக்க நேர்ந்தால் அவர்களுக்கும் என் வணக்கம். இதில் வரும் கம்பியில்லாச் சிப், தடுப்பூசி மருந்து வைக்கும் பிரிட்ஜுக்கானது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

முதலில் பெருமைக்குரிய செய்தி. பிலிமத்தலாவைப் பட்டறையில் நாங்கள் செய்துவந்த கருவி வேலை செய்யத் தொடங்கிவிட்டது. வேலை செய்ய வைத்தது நான். பிரிட்ஜின் வெப்பம் கூடினால் தாதியின் அறைக்குக் கம்பியில்லாமல் செய்தி போகவேண்டும். கருவியை உயிர்ப்பித்தால் அரை நிமிடம் ஒழுங்காகச் செய்தி அனுப்பும், பிறகு அடங்கிவிடும். முதலாளி ஹபீல் நான்கு சிப்புகளை மாற்றிப் பார்த்துவிட்டு, "மௌத்தாகிட்டு தங்கச்சி, இனி ஜனாஸா எடுக்க வேண்டியதுதான்" என்று கருவிக்கு மரணச் சடங்கே அறிவித்துச் சிரித்தார். கண்டி வைத்தியசாலை ஒன்றுக்கு வாக்குக் கொடுத்த நாள் நெருங்கியதால், அந்தச் சிரிப்பில் சுரத்து இல்லை.

ஈயம் பற்றவைக்கவும் விளக்கக் குறிப்பு எழுதவுமே என்னை வேலைக்கு எடுத்தார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு கையேடுகளை வாசித்தவள், மீற்றரைக் கையிலெடுத்தேன். சிப்புக்கு மின்சாரம் வரும் காலில் மூன்று தசம் மூன்று வோல்ற்று காட்டியது. அரை நிமிடத்தில் பூச்சியம். பற்றரி தளர்ந்தால் மெல்ல மெல்லக் குறைந்திருக்கும். இதுவோ யாரோ மின் ஆளியை அணைத்ததுபோல் ஒரே வெட்டு. அப்படியானால் சிப்பில் குற்றமில்லை. அதைப் பட்டினி போட்டது எது என்பதே கேள்வி.

கருவியின் மென்பொருளுக்கு ஒரு விவரக் கோப்பு உண்டு. பலகையில் என்னென்ன இருக்கின்றன, எதற்கு எந்த மின்வழங்கல் என்று அதில் எழுதிக்கொடுக்க வேண்டும். ஹபீல் சிப்பை எழுதியிருந்தார். அதற்கு மின்சாரம் தருவது மூன்றாம் மின்வழங்கல் என்று எழுதவில்லை. அது தொடக்கத்திலிருந்தே தானாக எரிகிறதே, எழுதுவானேன் என்று விட்டிருக்கிறார். மென்பொருளோ எல்லாம் எழும்பியபின் ஒருமுறை சரிபார்க்கும். எந்த மின்வழங்கலுக்கு உரியவர் யாரும் பதியப்படவில்லையோ, அதை வீண்செலவென்று அணைத்துவிடும். மென்பொருள் தன் விதிப்படியே நடந்தது. ஒரே ஒரு வரி சேர்த்தேன். பிறகு கருவி அடங்கவேயில்லை. ஹபீல், "இஞ்சினியர் அம்மா, ஒரு பிளேன்டீ போடட்டா?" என்று கேட்டார். விளக்கக் குறிப்பின் அடியில் என் முழுப்பெயரையும் அச்சிடச் சொல்லிவிட்டார்.

அந்தத் தேநீரை நான் குடிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கண்டி பஸ்ஸில் ஏறிவிட்டேன். நானும் ஒரு வரியை எழுதாமல் விட்டவள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

ஓகஸ்டில் பொலிஸுக்குக் கொடுக்கும் குடியிருப்போர் பட்டியல் எழுதும்போது, "என்ர பேரையும் போட்டுவிடும் மங்களம், பிறகு கரைச்சல்" என்றீர்கள். படிவத்தின் தலைப்பில் நிரந்தரமாக வசிப்போர் என்று இருந்தது. தாங்கள் வவுனியா நீர்ப்பாசன அலுவலகத்திலிருந்து மாதத்தில் மூன்று நாள் வந்துபோகிறவர். நிரந்தரம் என்ற சொல்லின் பொருள் எனக்குத் தெரியும் என்று தங்களுக்குப் பாடம் எடுத்தேன். வீட்டுக்காரர் ஸுலைஹா உம்மாவும் நான் எழுதியதை நம்பிக் கையொப்பமிட்டார். ஒக்டோபரில் சோதனைக்கு வந்தவர்கள், பட்டியலில் இல்லாத ஆள் என்று தங்களை அழைத்துச் சென்றார்கள்.

வெள்ளிக்கிழமை ஸுலைஹா உம்மாவையும் கூட்டிக்கொண்டு, புதிய பட்டியலுடன் பொலிஸ் நிலையம் போனேன். "நீ பேசு புள்ள, நான் பக்கத்தில நிக்கிறேன், பயப்படாத" என்று சொன்னவர்தான் வாசலிலிருந்தே என் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். வீட்டில் இல்லாத ஆளை எப்படிச் சேர்ப்பது என்று அதிகாரி கேட்டார். இந்தப் பட்டியல் இப்போது யார் வீட்டுக்குள் நிற்கிறார் என்பதற்கா, இங்கே குடியிருக்க உரியவர் யார் என்பதற்கா என்று, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டேன். ஸுலைஹா உம்மா உடனே, "எங்கட வீட்டுப் புள்ளதான் மஹத்தயா, மாசா மாசம் வாற ஆள்" என்று தமிழும் சிங்களமுமாகச் சத்தியம் செய்தார். முத்திரை விழுந்தது. வியாழக்கிழமை வழக்கில் அதன் பிரதியை ஹலீம் அவர்கள் நீதவானிடம் கொடுப்பார். அது போதும் என்று அவர் சொல்லவில்லை, உதவும் என்றார்.

தங்களுக்கு உடுக்கச் சாரம் இரண்டு, குளிக்கச் சவர்க்காரம், வெந்தயம் அனுப்பியுள்ளேன். இருமலுக்குச் சுடுநீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.

பட்டியலில் முதல் வரியில் தங்கள் பெயரையும் அதன் கீழே என் பெயரையும் எழுதினேன். குறிப்பு என்ற கட்டத்தில் தங்களுக்கு நேரே, வந்துகொண்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறேன். நான் எழுதிய ஆவணம் எதுவும் இதுவரை பிழையானதில்லை, ஒன்றைத் தவிர. இதையும் பிழையாக்கிவிடாமல் வந்துசேருங்கள்.

தங்கள் வரவுக்காகக் கதவைத் தாழிடாமல் காத்திருக்கும்,
மங்களேஸ்வரி யோகேந்திரன்