சாத்தானுக்கு அந்த பஸ்ஸில் சீட் இல்லை

ஜூன் 10, செவ்வாய்

முதலில் மன்னிப்பு. எங்கள் வீட்டில் யாரும் தனக்குத்தானே எழுதிக்கொண்டதில்லை. பட்டம் வாங்கிய திமிர் என்பார்கள். ஆனால் பேச வேண்டியதை எனக்கு எழுதத்தான் வருகிறது. அதனால் இங்கே.

என் பேராசிரியையின் ஆய்வுக்காகக் கும்மிடிப்பூண்டியில் கருத்துக் கேட்கிறேன். பாலியல் குற்றம் செய்தவனுக்குத் தண்டனையோடு மனநலச் சிகிச்சையும் கொடுக்கலாமா?

டீக்கடையில் பச்சையப்பன் மாமா வடையை ஆட்டினார். "சிகிச்சையா? அவனுக்கு இன்னா ஜுரமா? அறுத்துடணும்மா!"

"அதுக்கு முன்னாடி கழுதை மேல ஏத்தி ஊரைச் சுத்தணும்" என்றார் இன்னொருவர்.

"கழுதைக்கு எங்கப்பா போறது? ஷேர் ஆட்டோதான்" என்றார் டீ மாஸ்டர்.

ஜூன் 11, புதன்

அம்மாவிடமும் கேட்டேன். மீன் கத்தியை நீட்டினாள். "தூக்குல போடணும்."

ஜூன் 12, வியாழன்

தங்கை ஜெபா இன்றும் வேலைக்குப் போகவில்லை. கம்பெனி பஸ்ஸில் அவள் மேல் கை வைத்தது ஸ்டீவன் அண்ணன். அவளுடைய சூப்பர்வைசர், எங்கள் சர்ச் சபையில் கீபோர்டு வாசிப்பவர். புகார் கொடுத்தாள். திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் கவுன்சிலிங் முடித்தால்தான் அவருக்கு வேலை என்றது கம்பெனி. "நான் இன்னா பைத்தியமா?" என்கிறாராம். அதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லோர் முன்னாலும் பாவத்தை ஒப்புக்கொண்டு சாட்சி சொல்வாராம். சொன்னதும் ஜெபா புகாரை வாபஸ் வாங்க வேண்டுமாம். சபை மூப்பர்கள் முடிவு.

ஜூன் 13, வெள்ளி

இன்று கேள்வியோடு ஒரு வாலைச் சேர்த்தேன். ஆய்வில் இல்லாத வால். "அவன் நம்ம தெருப் பையனா இருந்தா, மாமா?"

வடை இறங்கியது. "நம்ம புள்ளயா? ஒரு கல்யாணம் பண்ணி வச்சா சரியாப் பூடும்."

வீட்டில் அம்மாவிடமும் அதையே கேட்டேன். மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவன்தான் சாட்சி சொல்றேன்றானே. ஜெபாவ நாளைக்கு ஒருத்தனுக்குக் கட்டிக் குடுக்க வேணாமா?"

தெரியாதவனுக்குக் கத்தி. தெரிந்தவனுக்குப் பெண். டாக்டர் மட்டும் யாருக்கும் வேண்டாம்! சிகிச்சையில் திருந்துவாரா? எனக்கே தெரியாது. கீபோர்டில் திருந்தவில்லை, அது தெரியும்.

ஜூன் 14, சனி

ஜெபா: "இன்னாடி, நாளைக்கும் எழுதிக்கினேதான் இருப்பியா?"

ஜூன் 15, ஞாயிறு

ஸ்டீவன் அண்ணன் மைக்கில் அழுதார். "சாத்தான் என் கையப் புடிச்சு இழுத்துட்டான்." பாவம் சாத்தான். அந்த பஸ்ஸில் அவனுக்கு சீட்டே இல்லை. சபை கைதட்டியது.

பிறகு பாஸ்டர் வாராவாரம் கேட்பதைக் கேட்டார்: "ஜெப விண்ணப்பம் யாருக்காவது?" போர்வெல்லில் தண்ணீர் வர, அரியர் பாஸாக — எதைக் கேட்டாலும் அவர் மறுத்ததில்லை. அப்படியே மைக்கில் திருப்பிச் சொல்லி ஜெபிப்பார். எல்லோரும் ஆமென் சொல்வோம்.

ஜெபா முழங்கையால் இடித்தாள். எழுந்துவிட்டேன். நான் சொல்லி முடித்ததும் பாஸ்டர் மைக்கைக் கையால் மூடினார். மூப்பர்களைப் பார்த்தார். கையை எடுத்தார். ஒரு வார்த்தை விடாமல் ஜெபித்தார். முதல் ஆமென் அம்மாவுடையது.

நான் கேட்டது இவ்வளவுதான்:

"ஸ்டீவன் அண்ணனுக்காக ஜெபிக்கணும், பாஸ்டர். அவர் நாளைக்கே திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போவணும். டாக்டர் போதும்னு சொல்ற வரைக்கும் போவணும். அதுவரைக்கும் அந்த பஸ்ஸுல ஏறக் கூடாது. ஜெபா புகார வாபஸ் வாங்க மாட்டா — அவளுக்காகவும் ஜெபிக்கணும்."