மின்சாரம் போனால் மறக்கும் சிப்

மார்ச் 4

மாத்திரை எண்ணும் இயந்திரத்துக்கு எந்த சிப் என்று கூட்டம். ஆதி காலத்து சிப்பில் உள்ளிருக்கும் ஃபியூஸ்களை எரித்து மின்சுற்றை எழுதுவோம். எழுதியது எழுதியதுதான், என் மாமனாரின் அபிப்பிராயம் மாதிரி. பிறகு வந்த சி.பி.எல்.டி. சிப்பை அழித்தும் எழுதலாம். அதிகம் கொள்ளாது, ஆனால் மின்சாரம் போனாலும் நினைவு போகாது. மேனேஜருக்கு எஃப்.பி.ஜி.ஏ. சிப்தான் வேண்டுமாம். எவ்வளவு பெரிய சுற்றும் அடங்கும். அணைத்தால் எல்லாம் மறந்துவிடும். மறுபடி போடும்போது பக்கத்து மெமரி சிப்பைப் பார்த்துத்தான் தான் யாரென்று தெரிந்துகொள்ளும். உயர்பதவிக்கு வேறென்ன தகுதி வேண்டும்? அதுவே முடிவாயிற்று.

மார்ச் 6

இயந்திரத்தை வெளியூர் மாத்திரைத் தொழிற்சாலையில் பொருத்துபவள் என் மனைவி. மழைக்காலத்தில் அங்கே போனவள் இன்னும் வரவில்லை. இன்றைய ஃபோன் பேச்சு முழுக்க சென்சாரின் வோல்டேஜ். கடைசியில், அங்கேயே நிரந்தர வேலை தருகிறார்கள், என்ன சொல்லட்டும் என்றாள்.

"உன் இஷ்டம்" என்றேன்.

இதைவிடப் பண்பான மடத்தனம் உண்டா?

மார்ச் 9

துவைத்த துணிகளோடு அவளுடைய நீலச் சட்டை. யாரும் உடுத்தாததை எதற்குத் துவைத்தேன்?

மார்ச் 13

கேபிள் வழியாகப் போர்டிலுள்ள சிப்பில் சுற்றை ஏற்றினேன். விளக்கு மின்னியது, மாத்திரைகளைப் பிசகாமல் எண்ணியது. போர்டைப் பெட்டியில் வைத்து அவள் பெயரும் விலாசமும் எழுதினேன்.

"கல்யாணப் பத்திரிகைலகூட இவ்வளவு அழகா எழுதமாட்டாங்க சார்" என்றார் சோல்டரிங் அக்கா.

காது கேளாதவன் போல டேப் ஒட்டினேன்.

மார்ச் 18

போர்டுக்கு அங்கே உயிரே இல்லையாம். மேனேஜர் கத்தி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. நேராக எஃப்.பி.ஜி.ஏ.வில் ஏற்றினேனே, மெமரி சிப்பில் எழுதினேனா? இல்லை. இங்கே பிளக்கைப் பிடுங்கியபோதே அது எல்லாவற்றையும் மறந்திருக்கும். அட கூறுகெட்டவனே, எத்தனை வருஷமா இதே வேலை பாக்குற— அவள் அத்தனை பேர் முன்னால் கைகட்டி நின்றிருப்பாள்.

சுற்றின் ஃபைலை அவளுக்கு மெயிலில் அனுப்பிவிட்டேன். கேபிளை மாட்டி அவளே எழுதிக்கொள்ளலாம். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 19

வடிவமைத்த ஆளே நேரில் வந்தாக வேண்டும் என்று மனைவி மேனேஜருக்கு எழுதியிருக்கிறாள். இன்றே கிளம்பு என்கிறார் அவர். ஃபைல் கிடைக்கவில்லையோ என்று அவளுக்கு ஃபோன் செய்தேன்.

"வந்துச்சு. நேத்தே மெமரில ஏத்திட்டேன். நல்லா ஓடுது. மேனேஜர்கிட்டதான் இன்னும் சொல்லல."

"அப்புறம் நான் எதுக்கு?"



"இங்க தர்ற நிரந்தர வேலைக்கு நான் பதில் சொல்லணும். உன் மனசுல என்ன இருக்குன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. ஃபோன்ல நீ ஆபீஸ் மெமோ மாதிரி பேசுற."

மார்ச் 20

ரயில். 'வீட்டுக்கு வந்துடு' என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். சுமாராக இருந்தது. மறுபடி சொன்னேன். எதிரே இருந்தவர் பையை எடுத்துக்கொண்டு வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.