மேக்னெட் பக்கம் வந்த நுரை

ஜூன் 2, திங்கள்
மந்தைவெளிக் கடையில் இன்று ஏழு வண்டி. பாட்டு டீச்சர் ஹம்சினி தன் பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கோடு வந்தாள். மார்ச்சில் அதன் இன்ஜினைப் பிரித்துப் பூட்டியது நான்தான்.
“கையை விட்டாலும் ரேஸ் தானா ஏறறது அண்ணா. சூடு வேற.”
“கார்புரேட்டர்மா” என்றேன். கழுவி, ரேஸ் ஸ்க்ரூவைக் குறைத்து அனுப்பினேன். பத்து நிமிட வேலை.

ஜூன் 5, வியாழன்
அடையாறு பாலத்தில், ஓட்டத்திலேயே இன்ஜின் சூட்டில் இறுகிச் சீஸ் ஆகிவிட்டது. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு அவள் விழுந்திருக்கிறாள். தோள்பட்டை எலும்பு முறிவு. பின்னால் வந்த பஸ் ஒரு முழம் தள்ளி நின்றதாம். அவள் அப்பா வேம்பு சார் போனில் சொன்னார்.
என் கையைவிட்டுப் போய் மூன்றே நாள்.

ஜூன் 6
கடை திறக்கவில்லை.

ஜூன் 7, சனி
வண்டி வந்தது. பிளக் வெளுத்திருந்தது. இன்ஜின் எங்கிருந்தோ காற்றை உறிஞ்சியிருக்கிறது. கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பரால் அடைத்து, இன்ஜின் பக்கவாட்டில் கரண்ட் தரும் மேக்னெட்டைக் கழற்றி, பம்பால் லேசாகக் காற்றடித்துச் சோப்புத் தண்ணீர் பூசினேன். மேக்னெட் பக்கம் குபுகுபுவென்று நுரை.
க்ராங்க் சீல். வெளிக்காற்று உள்ளே வராமல் காக்கும் ரப்பர் வளையம். காற்று நுழைந்தால் ரேஸ் தானாக ஏறும், இன்ஜின் சூடாகி இறுகும். கழற்றிப் பார்த்தால் அதன் உதட்டு விளிம்பில் ஒரு வெட்டு. மார்ச்சில் கிரீஸ் தடவாமல் அவசரமாக ஏற்றிய அதே சீல்.
நானா? நானேதான். அந்தப் பொண்ணு வாய்விட்டுச் சொல்லிச்சே! காதுல வாங்கினியாடா நீ?

ஜூன் 8
பழைய வண்டி, தானா சீஸ் ஆயிடுச்சுன்னு சொன்னா எல்லாரும் நம்புவாங்க.

ஜூன் 10, செவ்வாய்
மயிலாப்பூரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சீலைக் காட்டி எல்லாம் சொன்னேன்.
“ஆத்துக்கே வந்து சொல்றேள், சரி. அந்த பஸ் நிக்காம இருந்தா யார்ட்ட சொல்லிண்டிருப்பேள்?” என்றார் வேம்பு சார்.
ஹம்சினி கட்டுப்போடாத கையால் சீலை வாங்கிப் பார்த்தாள். “இத்துனூண்டா?” என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 18
வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தேனாம்பேட்டையில் வேறு மெக்கானிக்காம். நியாயம்தான்.

ஜூலை 2, புதன்
அந்த மெக்கானிக் முதஸ்ஸிர் போன் செய்தார்.
“அண்ணே, டீச்சரம்மா வண்டி என்னாண்ட கீது. சீல் லீக்கை எப்டிப் புடிச்சேன்னு உன்னையே கேக்கச் சொன்னாங்க.”
அவளா சொன்னாள்?
அடைப்பு, பம்பு, நுரை — எல்லாம் சொன்னேன். கிரீஸ் தடவாமல் போட்டது நான்தான் என்பதையும் சொன்னேன்.
பிறகு, “சோப்புத் தண்ணி எவ்ளோ கெட்டியா கலக்கணும், அண்ணே?” என்றார்.