புகைக் கிண்ணத்தில் ஐந்து பட்டாணி

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பாகவே இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமாக இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன். அண்ணனின் சின்னவனுக்குப் பல் முளைத்துவிட்டது, கண்ணில் பட்டவரையெல்லாம் கடிக்கிறான், அண்ணி கை முழுக்கத் தழும்பு. மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, ரிப்பேர்க்காரர் வருகிறேன் வருகிறேன் என்று டிமிக்கி கொடுக்கிறார். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்பார், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா வேலை செய்கிற சாய ஆலையில் சுற்றுச்சூழலுக்கு ஏதாவது செய்தாக வேண்டுமாம். எதை முதலில் செய்வது என்று சம்பந்தப்பட்ட எல்லாரையும் கேளுங்கள் என்று துணி வாங்குகிற கம்பெனி சொல்லிவிட்டது. அதற்காக ஒரு பெண் வந்தாள், நல்ல பெண்தான், மூச்சு விடாமல் பேசினாள். கேன்டீன் மேசையில் நாலு கிண்ணம்: புகை, சாயத் தண்ணீர், மின்சாரம், மரம். ஆளுக்கு ஐந்து பட்டாணி. எதில் அதிகம் விழுகிறதோ அந்த வேலைதான் இந்த வருஷம் நடக்கும். தெருக்காரர்களையும் கூப்பிட்டிருந்தார்கள், நானும் போனேன். ஆபீஸ்காரர்கள் மின்சாரத்தில் போட்டார்கள், பில் குறையுமே. துணி வாங்குகிறவர்கள் மரத்தில் போட்டார்கள், மரத்தைப் படம் எடுத்துக் காட்டலாம், இல்லாத புகையை எப்படிக் காட்டுவது? சாயத் தொட்டியில் வேலை செய்கிறவர்கள் தண்ணீரில் போட்டார்கள், அவர்கள் கைத்தோல் உரிகிறது. மாடியில் துணி காயப்போடுகிற நம் தெருப் பெண்கள் புகையில் போட்டார்கள். யாரையும் குறை சொல்ல மாட்டேன், அவரவர் பாடு அவரவருக்கு.

நான் மட்டும் ஐந்தையும் மரத்தில் போட்டேன். தையற்கார அக்கா, "ராத்திரி முழுக்க இருமுறது நீ, மரத்துல போடுறியே, உனக்கென்ன பைத்தியமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். புகை முதலில் வந்தால் விறகு பாய்லரை நிறுத்தி காஸ் பாய்லர் வைப்பார்கள், விறகு தள்ள அப்பா தேவைப்பட மாட்டார் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மரம் நட்டால் யார் வேலையும் போகாது, அதுதான் என் கணக்கு.

கடைசியாகப் பாய்லர் ஆட்கள் வந்தார்கள். அப்பா ஐந்தையும் மொத்தமாகப் புகைக் கிண்ணத்தில் கவிழ்த்தார். கூட வேலை செய்கிறவர், "என்னண்ணே, நம்ம தலையில நாமளே மண்ணை அள்ளிப் போட்டுக்கிறதா?" என்று கத்தினார். எண்ணிப் பார்த்தால் புகை மூன்றே பட்டாணி வித்தியாசத்தில் ஜெயித்திருந்தது. எனக்கு வந்த கோபத்தில் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், "அந்தச் சம்பளத்துல உனக்கு இருமல் மருந்துதானே வாங்கிட்டிருக்கேன்" என்றார். அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை, சமையலறைக்குப் போய் அழுதேன்.

போன வாரம் பாய்லரை நிறுத்திவிட்டார்கள். கூட இருந்தவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள், அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேப்பரை விளம்பரம் விடாமல் படிக்கிறார். நீ பதறிப்போய் லீவு போட்டுக்கொண்டு வந்து நிற்காதே, வீடு ஓடும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, யாரிடமும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே. தொட்டதெல்லாம் துலங்கி நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அப்பாவிடம் வேலையைப் பற்றிக் கேட்காதே. அம்மாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று அவரையே கேள். பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்லுவார். அவர் காதில் விழாமல்தான் இப்போதெல்லாம் இருமுகிறேன்.

உன் அம்மா