தூறல் நாளின் மின்னல்

அக்டோபர் 6, திங்கள்

வானிலை அலுவலகத்தில் இன்று என் முறை. பேய்மழை வரும் என்று தெரிந்ததும் கட்டுமானத் தளங்களுக்கெல்லாம் மின்னல் எச்சரிக்கை அனுப்பினேன். தம்பி இரும்புச் சட்டம் பூட்டும் தளத்திலும் காலையிலேயே எல்லாரையும் மேலிருந்து இறக்கிவிட்டார்கள். பிற்பகலில் கொட்டித் தீர்த்தது. ஒரு மின்னல்கூட இல்லை.

தலையைத் துவட்டிக்கொண்டே தம்பி கேட்டான்: “ஏன்கா, உன் மின்னலுக்கு இன்னிக்கு லீவா?” அவன் கூட்டாளி நெட்டையனும் விழுந்து விழுந்து சிரித்தானாம்.

அக்டோபர் 7

ரேடார் படங்களைத் திரும்பப் பார்த்தேன். எல்லாம் குட்டை மேகங்கள். நீர் உறையும் உயரத்தைத் தொடுவதற்குள் மழையாக இறங்கிவிட்டன. பனித்துகளும் குட்டி ஆலங்கட்டிகளும் மோதி உரசினால்தானே மின்னேற்றம் பிரியும்?

அதிகாரி சொன்னார்: “ஒரு தடவை பொய்யாப் போச்சுன்னா, அடுத்த தடவை எவன்மா கேப்பான்?”

அக்டோபர் 15

மழை அதிகம் வராது. ஆனால் மேகம் கிடுகிடுவென்று உயர்கிறது. வயிறு நிறைய ஆலங்கட்டி. மறுபடியும் எச்சரிக்கை.

“தூறல்தானே மேடம்?” என்றார் தளத்து இன்ஜினியர்.

“தூறலைப் பாக்காதீங்க சார். மேல ஐஸ் இருக்கு. எறக்குங்க.”

தம்பிக்கும் தனியாகப் பேசினேன். “சரிக்கா, எறங்குறோம்.”

மாலை —

தம்பி இறங்கிவிட்டான். நெட்டையன் இறங்கவில்லை. “நீ போடா, இந்த ஒரு போல்ட்டை முறுக்கிட்டு வரேன். உங்கக்கா மின்னல் நமக்குத் தெரியாததா?” என்றானாம்.

முதல் மின்னலே அவன்மேல்தான்.

சொன்னேனே. சொன்னேனே — யாரிடம் போய்ச் சொல்ல அதை?

அக்டோபர் 17

தம்பி இன்னும் வேலைக்குப் போகவில்லை.

அக்டோபர் 21

நெட்டையன் வீட்டுக்குப் போனோம். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “அன்னிக்கு அவ்ளோ பெஞ்சுது, ஒண்ணும் ஆகலையேம்மா. இந்தத் தூத்தலுக்கா எம்புள்ள போனான்?”

பதில் எனக்குத் தெரியும். படித்த பாடம்தான், நாவின் நுனியில்தான் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். வாசல் பக்கம் திரும்பி நின்ற தம்பியின் தோள்கள் குலுங்கின.

நவம்பர் 4

பிற்பகலில் அடைமழை, மின்னல் இருக்காது என்று கணித்தேன். தம்பி வேலைக்குக் கிளம்பும்போது, “மழை வர்ற வரைக்கும் பயமில்லாம ஏறலாம்டா” என்றேன்.

“நீ சொன்னா சரியாத்தான்கா இருக்கும்.”

மதியம் இன்ஜினியர் அழைத்தார். மற்றவர்கள் எல்லாரும் மேலே போய்விட்டார்களாம். தம்பி மட்டும் கீழேயே நின்று லாரியிலிருந்து இரும்பு இறக்குகிறானாம்.

பிறகு மழை கொட்டியது. ஒரு தடவைகூட மின்னவில்லை. கணிப்பு சரியாகத்தான் இருந்தது.