இரும்பில் இறங்காத மின்சாரம்

திருமுல்லைவாயில்

அன்புள்ள பரத்துக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை மதி எழுதுவது. இங்கு நலம் என்று தொடங்க வாய் வரவில்லை கண்ணு, ஜாம்நகரில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் அதுவே போதும். என் போனை உங்கப்பா பிடுங்கிப் பகலில் கையோடு எடுத்துப் போகிறார், இரவில் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறார், அதனால்தான் இந்த ராத்திரியில் அடுக்களைத் தரையில் குந்திக் கடிதம். அவர் குறட்டை நின்றால் மதியின் பேனாவும் நின்றுவிடுகிறது. மதிக்கு மூத்தவள் எழிலரசிக்குக் கரையான்சாவடியிலிருந்து நல்ல வரன், அடுத்த வாரம் ஞாயிறு பார்க்க வருகிறார்கள். வீட்டில் வலிப்பு உள்ள பெண் இருப்பது தெரியக் கூடாது என்று மதியின் மாத்திரைகளை உங்கப்பா அம்பத்தூர் பட்டறைக்கே எடுத்துப் போய்விட்டார். போன மாதம் அவளுக்கு வலிப்பு வந்தபோது சாவிக்கொத்தைக் கையில் திணித்தார், சற்று நேரத்தில் அடங்கியது. அதிலிருந்து ஒரே பேச்சு. "இருவது வருசமா மோட்டாருக்குக் காயில் சுத்துறேன், எனக்குத் தெரியாத கரண்டா? இரும்பப் புடிச்சிகினா கரண்டு அதுல எறங்கி எர்த்து ஆயிடும், மாத்திர இன்னாத்துக்கு?" என்கிறார். ஞாயிறன்று மதி கையில் இரும்புக் கம்பியைக் கொடுத்துப் பின்னறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போடுவாராம்.

மதி படித்ததை அவள் வார்த்தையிலேயே எழுதச் சொன்னேன். நரம்பில் ஓடுவது ஒயரில் ஓடுகிற கரண்டு இல்லை அண்ணா. நரம்பு செல்லின் மேல்தோலில் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. ஓரிடத்தில் திறந்தால் வெளியே இருக்கும் சோடியம் உள்ளே பாயும், அந்த மின்மாற்றம் பக்கத்துக் கதவைத் திறக்கும், இப்படியே கடைசி வரை போகும். பின்னாலேயே பொட்டாசியம் வெளியேறி அந்தந்த இடம் அடங்கும். நுனியில் ஒரு ரசாயனம் கசிந்து அடுத்த செல்லை எழுப்பும். வலிப்பில் ஏராளமான செல்கள் ஒரே நேரத்தில் கட்டுமீறி எழும்புகின்றன. என் மாத்திரை அந்தக் கதவுகள் ஓயாமல் திறப்பதைத் தடுக்கிறது. கையிலிருக்கும் இரும்பு மூளைக்குள் ஒன்றும் செய்யாது, அன்றைக்கு அது தானாகவே நின்றது. இதைச் சொன்னதற்கு, "புக்கப் படிச்சிட்டு எனக்கே வயரிங் சொல்லித் தர்றியா?" என்று அப்பா சிரித்தார்.

மாத்திரை நின்றதிலிருந்து அடிக்கடி வருகிறது பரத். பூட்டிய அறையில் குப்புற விழுந்து மூச்சு முட்டினால் யாருக்கம்மா கேட்கும் என்கிறாள். நீ சொன்னால் அவர் கொஞ்சம் கேட்பார். கடிதம் வந்ததைச் சொல்லாதே, மதிக்கு மாத்திரை கொடுக்கிறீர்களா என்று நீயாகக் கேட்பது போலக் கேள். அவர் மசியவில்லை என்றால் நானும் அவளோடு உள்ளே போய் உட்கார்ந்துவிடுவேன். பெண்ணைப் பெற்றவள் எங்கே என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டால், தாழ்ப்பாளைத் திறந்துதானே காட்ட வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு, எண்ணெய்ப் பண்டத்தைக் குறை. எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். உங்கப்பா பட்டறையில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவரிடம் பேசு, மறந்துவிடாதே.

உன் அம்மா,
பொன்னியம்மா

அண்ணா, அந்தப் பின்னறை அரிசி மூட்டை வைக்கும் இடம். இரண்டு பேர் உட்கார இடமில்லை. சனிக்கிழமைக்குள் பேசிவிடு.
மதி