நல்ல தண்ணியில் இரண்டு சொட்டு

ஆவணி 9, திங்கள்

சோளகக் காற்று. கண்ணெல்லாம் மணல். ஊர்காவற்றுறைத் துறையில் ஒரு வள்ளமும் வெளிக்கிடவில்லை. வள்ளம் ஓடாத நாளில்தான் எங்கள் கராச்சில் வேலை கூட. மூன்று எஞ்சின் கழற்றிக் கிடக்கிறது.

எஞ்சின் சாமான் கழுவுகிற தொட்டியின் அளவு: முதலில் 1. மருந்து கூட விட்ட பிறகு 3.

இந்தக் கொப்பியில் அளவு மட்டும்தான் எழுதச் சொன்னவர் முதலாளி (இனி மு.). அது முன்பக்கத்தில். இது பின்பக்கத்திலிருந்து, எனக்கு. அவர் இவ்வளவு தூரம் புரட்டமாட்டார்.

அளக்கிற குழலை மு.வின் தம்பி ஜேர்மனியிலிருந்து கொண்டுவந்தவர். அதன் பெயர் என் வாயில் வராது. ஒரு சாண் நீளம். நுனியில் சரிவான கண்ணாடி, மேலே ஒரு மூடி. இரண்டு சொட்டு விட்டு மூடி வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால் மேலே நீலம், கீழே வெள்ளை. இரண்டும் முட்டுகிற இலக்கம்தான் தண்ணீரில் எவ்வளவு மருந்து என்பது. 3 நிற்க வேண்டும். குறைந்தால் எஞ்சின் எண்ணெய் கழறாது. கூடினால் கையைத் தின்னும். காலையில் முதலில் வெறும் தண்ணீர் விட்டுப் பூச்சியம் பார்க்க வேண்டும். கோடு விலகி நின்றால் ஒரு சின்ன ஆணியைத் திருப்பிச் சரிபண்ண வேண்டும்.

முதல்நாள் பார்த்தபோது நெடுந்தீவு வள்ளத்தில் கயிறு பிடித்த காலம்தான் ஞாபகம் வந்தது. விடிய வெளிக்கிட்டால் இதே நீலம், இதே வெள்ளை, நடுவில் கோடு. அந்த வள்ளத்தில் ஒருநாள் ஒரு மனுசி ஆடு கொண்டுவந்தா. ஆடு ரிக்கற் கட்டைத் தின்றுவிட்டது. அன்றைக்கு எல்லாருக்கும் ஓசிப் பயணம். எங்கே விட்டேன்?

ஓம், தண்ணீர். இன்றிலிருந்து தொட்டிக்குப் பவுசர் லொறியில் வருகிற நல்ல தண்ணீர். கராச்சுக் கிணறு சவர், கழுவின சாமானில் உப்பு வெள்ளையாய்ப் பூக்கிறது என்று மு. மாற்றிவிட்டார். வழமையாக ஒரு கான் மருந்துக்கு 3 காட்டும். இன்று 1தான். மேலும் விட்டேன். புது ட்ரம் பலம் காணாது போல.

செய்ய: வாளிக் கயிறு மாற்ற. ஆட்டுக்குக் குழை.

ஆவணி 10, செவ்வாய்

காற்று குறையவில்லை. அளவு 3.

ரஞ்சியின் கை சிவந்திருக்கிறது. சாமான் கழுவுகிறவள் அவள். நாரந்தனையில் என் வீட்டுக்கு இரண்டு வேலி தள்ளி. புருசன் இல்லை, ஒரே மகள் கனடாவில். இந்த வேலைக்குக் கூட்டிவந்தவன் நான்தான்.

"அண்ணை, உந்தத் தொட்டி இண்டைக்குக் கடிக்குது."

"கிளவுசைப் போடும் பிள்ளை."

"போட்டால் சின்ன ஆணியள் பிடிபடுதில்லை. பாருங்கோ, மருதாணி போட்ட மாதிரி. மாப்பிள்ளைதான் இல்லை."

சிரித்தோம். பிறகு பார்த்தால் எஞ்சின் மூடி இரண்டு கறுத்துக் கிடக்கிறது. அலுமினியம் அப்படிக் கறுத்ததை நான் கண்டதில்லை. மு.வுக்குக் காட்டினேன். "பழைய எஞ்சின் அண்ணை" என்றார்.

மனம் சரியில்லை. திரும்ப அளந்தேன். 3.

ஆவணி 11, புதன்

ரஞ்சிக்கு விரல் நுனி உரிகிறது. பத்திலும்.

மத்தியானம் ரஞ்சி போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். சாப்பிடவில்லை. மகளுக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்கும், தலைப்பிள்ளை. பார்க்கப் போக விசாவுக்கு வருகிற செவ்வாய் கொழும்பில் நாள் கொடுத்திருக்கிறார்கள். மருமகனிடம் போனில் கையைக் காட்டினாளாம்.

"பத்து விரலும் மிசினில வைக்கச் சொல்லுவினமாம் அண்ணை. ரேகை விழாட்டித் திருப்பி அனுப்புவினமாம். மகள் அழுகிறாள்."

"ஆறியிடும் பிள்ளை."

"ஆறுநாள்தான் கிடக்கு."

மூன்று தரம் அளந்தேன். 3, 3, 3. குழல் ஏன் பொய் சொல்லப் போகிறது?

ரஞ்சியை வீட்டில் நிற்கச் சொன்னேன். அவள் இடத்தில் நான் கழுவினேன், கிளவுசோடு.

ஆவணி 13, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் வாளிக் கயிறு அறுந்து வாளி கிணற்றுக்குள். குழலுக்குப் பூச்சியம் பார்க்க வழமைபோலக் கிணற்றில் அள்ள வழியில்லை. என் குடிக்கிற போத்தலில் இருந்து இரண்டு சொட்டு விட்டேன். கண்ணில் வைத்தால் கோட்டைக் காணவில்லை. முழுக்க நீலம். உடைத்துப்போட்டேன் என்று நினைத்தேன். துடைத்துவிட்டுத் திரும்ப. அதே நீலம்.

ஆணியைத் திருப்பத் திருப்பக் கோடு வந்தது. பூச்சியத்தில் நிறுத்தினேன். பிறகு ஏதோ நினைத்து, கால் கழுவுகிற பீப்பாவில் கிடந்த கிணற்றுத் தண்ணீரில் இரண்டு சொட்டு.

2.

மருந்து ஒன்றும் இல்லாத வெறும் தண்ணீர். உப்பு மட்டும்தான். அதைத்தான் இவ்வளவு நாளும் பூச்சியம் என்று வைத்திருக்கிறேன்.

தொட்டியை அளந்தேன். 5.

தொட்டியிலும் கிணற்றுத் தண்ணீர் இருந்த மட்டும் உப்புக்கு உப்பு சரியாய்ப் போயிற்று. திங்களில் தொட்டி மாறினது. நான் மாறவில்லை, பூச்சியம் கிணற்றுத் தண்ணீரிலேயே பார்த்தேன். நல்ல தண்ணீரை யார் சாமான் துடைக்க எடுக்கிறது? எங்கள் வீட்டில் கால் கழுவ, சட்டி கழுவ, சுவாமிப்படம் துடைக்க எல்லாம் சவர்த் தண்ணீர். நல்ல தண்ணீர் வாய்க்கு மட்டும்.

மு.விடம் சொன்னேன். கதிரையில் இருந்தவர் எழும்பிவிட்டார்.

"ரஞ்சியக்காவுக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"இல்லை."

"சொல்லாதேங்கோ. மருந்து ஒத்துக்கொள்ளேல்லை எண்டு இருக்கட்டும். அவ விசா கிடைக்காமல் வந்து நிண்டால் ஊர் உங்களைத்தான் கேக்கும், என்னை இல்லை."

தொட்டியில் பாதியை இறைத்து நல்ல தண்ணீர் விட்டேன். 3 வரும்வரை.

வீட்டுக்கு வருகிற வழியில் ரஞ்சி வேலியால் எட்டிக் கூப்பிட்டாள். காது கேளாதவன் மாதிரி வந்துவிட்டேன்.

ஆவணி 14, சனி

காற்று விழுந்துவிட்டது. இலை அசையவில்லை. அதுவும் பயமாய் இருக்கிறது.

போனேன். குசினி வாசலில் இருந்து கைக்கு நல்லெண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி போட எழும்பினாள். வேண்டாம் என்று, நின்றபடியே எல்லாம் சொன்னேன். குழல், கிணறு, 5.

எண்ணெய்ப் போத்தலை மூடி வைத்தாள்.

"ரெண்டு சொட்டுத்தானே அண்ணை?"

"ஓம்."

"குடத்தில ரெண்டு சொட்டுக் குறைஞ்சால் ஆருக்குத் தெரியப்போகுது?"

"பழக்கம் பிள்ளை. நல்ல தண்ணியில சாமான் கழுவினால் அம்மா முதுகில போடுவா."

சிரிப்பு வரப் பார்த்தது அவளுக்கு. வரவில்லை. கையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். விரல் நுனி பத்தும் பளபளவென்று, ஒரு கோடு இல்லாமல்.

"போங்கோ அண்ணை. இப்ப போங்கோ."

ஆவணி 17, செவ்வாய்

அளவு 3. வேலை ஓடவில்லை. இரண்டு தரம் ஆணியைக் கீழே போட்டேன்.

பதினொன்றரைக்கு அவள் போன். பின்னால் பஸ் கோர்ன் சத்தம்.

"எட்டு விரல் விழுந்திட்டுது. கட்டைவிரல் ரெண்டும் விழேல்லை. துடைச்சுத் துடைச்சு வச்சுப் பாத்தினம். ஏலாது, ஆற விட்டு வாங்கோ எண்டு வேற நாள் தந்திருக்கினம்."

"எப்ப பிள்ளை?"

"ஐப்பசி."

"அதுக்குள்ள குழந்தை..."

"பிறந்திடும். நான் போகேக்க குப்புறப் பிரண்டு படுக்கும்."

பிறகு கேட்டாள்.

"அண்ணை, முதலாளி வேற ஆளை எடுத்திட்டாரோ? நான் வாறன் எண்டு சொல்லி வையுங்கோ. சும்மா இருந்தால் விசர் பிடிக்கும்."

எட்டு விரல் விழுந்ததே என்று சந்தோசப்பட வேண்டும். கட்டைவிரல் இரண்டும்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆவணி 30, திங்கள்

வானம் மப்பு. மழை இல்லை.

இன்று ரஞ்சி திரும்ப வருகிறாள். கையில் புதுத்தோல். மெல்லிசு, வெங்காயச் சருகு மாதிரி. அவளுக்குப் பெட்டி அடுக்குகிற வேலை கொடுங்கோ என்று மு.விடம் கேட்டேன். "அவதான் தொட்டி கேட்டவ" என்றார். அவளுக்கு அளவாய்ச் சின்னக் கிளவுஸ் வாங்கி வைத்திருக்கிறார். போடமாட்டாள், எனக்குத் தெரியும்.

வீட்டுக் குடத்திலிருந்து ஒரு போத்தல் நல்ல தண்ணீர் கொண்டுவந்தேன். என் மனுசி கேட்டா, "குடிக்கவோ?" இல்லை என்றேன்.

பூச்சியம். தொட்டி 3. திரும்பப் பூச்சியம். தொட்டி 3. நாலாம் தரமும் 3.

அன்றைக்கும் மூன்று தரம் 3தான் காட்டினது.

வலது கையை மணிக்கட்டு வரை தொட்டிக்குள் விட்டேன், கிளவுஸ் இல்லாமல். கால் மணித்தியாலம் ஆகிறது. எரிவு இல்லை. கொஞ்சம் வழுவழுப்பு. எரிவு பிந்தி வருமோ தெரியாது. அது தெரியாமல் எடுக்கப் பயமாய் இருக்கிறது. இதை இடது கையால் எழுதுகிறேன், எழுத்து எல்லாம் கோணல்.

கேற்றடியில் சைக்கிள் மணி. ரஞ்சி.